கேஸட் கடை மாமா பதில்கள்: சிட்னியில் கூடாரம் போட்டவன்

சேக்காளிகள் சேர்ந்து ஃபாரின் போற காமெடிப் படங்கள்ல எனக்குப் பிடிச்சது 'தி இன்பிட்வீனர்ஸ் 2'ங்கிற பிரிட்டன் படம்னு போன இதழ்ல ஒரு வரி எழுதியிருந்தேன். இந்த மாசத் தபால்ல பாதி அதுக்கே வந்து விழுந்திருக்கு. திட்டு, சந்தேகம், சொந்தக் கதை எல்லாம் இருக்கு. அரசியல் கேட்டவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கங்க.

மாமா, அந்தப் படத்தை ஹாஸ்டல்ல நாங்க நாலு பேரும் பார்த்தோம். முதல் பாகத்துல கிரீஸ், ரெண்டாம் பாகத்துல ஆஸ்திரேலியா. ஊரு மாறுச்சே தவிர வேற என்ன இருக்கு? இதைப் போய் உசத்தியா எழுதுறீங்களே?
— கல்லூரி மாணவர், உச்சிப்புளி

ஊரை விடு தம்பி, எதுக்குக் கிளம்புறாங்கன்னு பாரு. 2011-ல வந்த முதல் பாகத்துல, பள்ளிக்கூடம் முடிஞ்ச நாலு பசங்க கிரீட் தீவுல இருக்கிற மாலியாவுக்குக் கூத்தடிக்கப் போறாங்க. அவ்வளவுதான் சங்கதி. 2014-ல வந்த ரெண்டாம் பாகத்துல கிளப்பி விடுறது ஒரு கடுதாசி. ஜே-ங்கிறவன் முன்னாடியே சிட்னிக்குப் போயிடுறான். அங்கேயிருந்து நீலுக்கு ஒரு மின்னஞ்சல் தட்டுறான். நான் இங்க பேரெடுத்த டிஜே, பங்களா வாசம், சுத்திலும் பொண்ணுங்க, ராஜ வாழ்க்கைன்னு ஒரே அளப்பு. இங்கிலாந்துல வில்லுக்கு பிரிஸ்டல் யுனிவர்சிட்டியில பேச்சுத்துணைக்கு ஆளில்ல. சைமனை லூசின்னு ஒரு பொண்ணு இறுக்கிப் பிடிச்சு வச்சிருக்கு. நீல் எப்பவும் போல வெள்ளந்தி. மூணு பேரும் ஃப்ளைட் ஏறிப் போய்ப் பார்த்தா, ஜே ஒரு கிளப்புல கக்கூஸைப் பார்த்துக்கிற ஆளு. குடியிருக்கிறது மாமன் வீட்டுத் தோட்டத்துல, ஒரு கூடாரத்துல.

நம்ம கடற்கரையில பொறந்தவன் அந்த இடத்துல சிரிக்காம இருக்க முடியுமா? கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டின்னு எந்தப் பக்கம் திரும்பினாலும் வீட்டுக்கு ஒரு சபராளி, அதாவது வெளிநாட்டுக்குச் சம்பாதிக்கப் போனவன். எண்பதுகள்ல நான் கேஸட் கடை வச்சிருந்தப்ப, வீடியோ டெக்கு வாடகைக்கு விடுறதோட இன்னொரு வேலையும் இருந்துச்சு. ஜித்தா, துபாய்லேர்ந்து பசங்க கடுதாசிக்குப் பதிலா ஆடியோ கேஸட்டுல பேசிப் பதிஞ்சு, ஊருக்கு வர்றவங்க கையில குடுத்தனுப்புவாங்க. டேப்ரிக்கார்டர் இல்லாத வீட்டு ஆளுங்க என் கடைக்கு எடுத்துட்டு வருவாங்க.

ஒரு உம்மா கொண்டுவந்த கேஸட்டுல மகன் பேசுறான்: "எனக்குத் தனி ரூமு, ஏசி, ஒரு குறையும் இல்ல உம்மா." அவன் சொல்லி வாய் மூடல, பின்னால ஒரு குரல்: "முடிடா, டூட்டிக்குப் போறவன் தூங்க வேணாமா?" அதுக்கும் பின்னால இன்னொருத்தன்: "என் வாளியை எவன்டா எடுத்தது?" உம்மா என்னைப் பார்த்தாங்க. "தனி ரூமுன்னானே தம்பி, இது யாரு?" "டிவி ஓடுது போல, உம்மா"ன்னேன். "ஆமா, டிவியாத்தான் இருக்கும்"னு சொல்லிட்டு, மொதல்லேர்ந்து திருப்பிப் போடச் சொன்னாங்க.

நம்ம பையன் வீட்டுல அழக் கூடாதேன்னு அளந்தான். ஜே அளந்தது சேக்காளிங்க வயிறு எரியணும்னு. ஆனா கொஞ்சம் தோண்டினா அவனுக்கும் உள்ள ஒண்ணு இருக்கு: முதல் பாகத்துல பழகின ஜேன்ங்கிற பொண்ணைத் தேடித்தான் அவன் ஆஸ்திரேலியாவுக்கே போனது. அதை வெளியில சொல்ல வெக்கம். அதை மறைக்கத்தான் பங்களா, டிஜே எல்லாம்.

இந்தப் பசங்க சினிமாவுக்கு முன்னாடி, 2008-லேர்ந்து 2010 வரைக்கும் பிரிட்டன்ல இ4 டிவி சேனல்ல தொடரா வந்தவங்க. ஜே புளுகுணிங்கிறது தொடர்லயே தெரிஞ்ச விஷயம். முதல் படத்தை பென் பாமர் இயக்கினாரு. ரெண்டாவதை, தொடரை உருவாக்கின டேமன் பீஸ்லியும் இயன் மோரிஸும் தாங்களே எழுதி இயக்கினாங்க. புதுசா எதையும் தேடாம, அந்தப் பையனோட பழைய குணத்தையே எடுத்து அதுக்கு ஒரு விமான டிக்கெட் போட்டுக் குடுத்துட்டாங்க. ரெண்டாம் பாகம் எழுதுறவனுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

வீட்டுல ஒன்பதாவது படிக்கிற பையன் இருக்கான். சேர்ந்து பார்க்கலாமா?
— ஆசிரியை, தங்கச்சிமடம்

வேண்டாம் டீச்சர். பிரிட்டன்லயே 15 வயசுக்குக் கீழே அனுமதி இல்லைன்னு சான்றிதழ் குடுத்த படம். வாயைத் திறந்தா கெட்ட வார்த்தைதான். பெரியவங்க பார்த்தாலும் தண்ணிச் சறுக்குக் காட்சி வர்றப்ப சாப்பாட்டுத் தட்டைக் கீழே வச்சுடுங்க. ஏன்னு இங்க எழுதினா ஆசிரியர் வெட்டிடுவாரு.

'ஹேங்ஓவர் 2' பக்கத்துல இதெல்லாம் நிக்குமா? வசூலைப் பாருங்க மாமா!
— மொபைல் கடைக்காரர், ராமநாதபுரம்

வசூல்ல நிக்காது, ஒத்துக்கிறேன். லாஸ் வேகாஸ்ல நடந்த முதல் ஹேங்ஓவர் 2009-ல வந்து உலகம் பூரா 46 கோடி டாலருக்கு மேல எடுத்துச்சு. 2011-ல பாங்காக் போன ரெண்டாவது 58 கோடியைத் தாண்டுச்சு. கல்லாப்பெட்டிக்கு அது வெற்றிதான்.

ஆனா நீ ரெண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாரு. கல்யாணத்துக்கு முன்னாடி கூத்தடிக்கிற சேக்காளிங்க மொதல்ல மாப்பிள்ளையைத் தொலைச்சாங்க, அப்புறம் மச்சினனை. மொதல்ல பல்லு போச்சு, அப்புறம் முகத்துல பச்சை குத்தியிருக்கு. கைக்குழந்தை இருந்த இடத்துல குரங்கு. ஊரெல்லாம் தேடின மாப்பிள்ளை ஹோட்டல் மொட்டை மாடியிலேயே கிடந்தான். இதுல மச்சினன் ஹோட்டல் லிப்டுக்குள்ளேயே கிடக்கிறான். நேத்து மீன் குழம்பைச் சுட வச்சா ருசி ஏறும்னு நம்மூர்ல சொல்லுவோம், அது குழம்புக்கு. சிரிப்பு, அடுத்த வரி தெரியாத வரைக்கும்தான்.

அந்தக் குரங்கு இன்னொரு கூத்து. அது கப்புச்சின் வகை, மத்திய அமெரிக்கா, தென்னமெரிக்காக் காட்டுல உள்ளது. தாய்லாந்துல குரங்குக்கா பஞ்சம்? ஹாலிவுட் பழக்கின குரங்கைக் கொண்டுபோய் பாங்காக் குரங்குன்னு காட்டிட்டாங்க. பச்சைக் குத்து கோர்ட்டுக்கே போச்சு. குத்துச்சண்டை வீரர் மைக் டைசன் முகத்துல அந்த டிசைனைக் குத்தின கலைஞர், என் படைப்பை என்னைக் கேக்காம எடுத்துட்டீங்கன்னு 2011-லேயே வார்னர் பிரதர்ஸ் மேல வழக்குப் போட்டாரு. கடைசியில சமரசம் ஆச்சு. எனக்கு அந்த வழக்கு படத்தைவிட சுவாரசியம்.

தொலைஞ்சுபோற அந்த மச்சினனா நடிச்ச மேசன் லீ, இயக்குநர் ஆங் லீயோட மகன். இதை உன் கடையில ஸ்கிரீன் கார்டு ஒட்டுறப்ப கஸ்டமர்கிட்ட சொல்லிக்கலாம்.

ஃபாரின் போற காமெடிப் படத்துல எல்லாம் பாஸ்போர்ட் ஏன் தொலையுது?
— வாலிநோக்கம்

பாஸ்போர்ட் பத்திரமா இருந்தா கதாநாயகன் மூணாம் ரீல்ல வீட்டுக்கு வந்துடுவானே.

நிஜத்துல தொலைஞ்சா: உள்ளூர் போலீஸ்ல புகார், அந்தக் காகிதத்தோட இந்தியத் தூதரகம். அவசரம்னா எமர்ஜென்சி சர்டிபிகேட் தருவாங்க. ஊர் திரும்ப மட்டும்தான் அது உதவும், அடுத்த நாட்டுக்குச் சுத்தப் போக முடியாது. நகல் ஒண்ணு பெட்டியிலயும் ஒண்ணு வீட்டுல இருக்கவங்ககிட்டயும் இருக்கட்டும்.

காக்கா, என் தம்பியும் அவன் கூட்டாளிங்க ரெண்டு பேரும் தாய்லாந்து போறதா நிக்கிறாக. சுத்திப் பார்க்கன்னு சொன்னவன், இப்ப அங்கேயே கம்ப்யூட்டர் வேலையும் இருக்குன்னு பேசுறான். முன்னாடி போன பையன் ஒருத்தன் ஸ்விம்மிங் பூல்ல நின்னு போட்டோ போடுறானாம். எனக்கு மனசு ஒப்பல.
— ஒரு லாத்தா, பெரியபட்டினம்

உங்க மனசு சரியாத்தான் சொல்லுது. சுத்திப் பார்க்கப் போறதுன்னா போகட்டும். வயசுப் பசங்க கடலைத் தாண்டினா நல்லதுதான். போக வர டிக்கெட், தங்குற இடத்து விலாசம், கையில செலவுக்குக் காசு மூணும் இருக்கான்னு பாருங்க. விசா விதி அடிக்கடி மாறுது, கிளம்புற வாரத்துல திரும்பப் பார்க்கச் சொல்லுங்க.

'அங்கேயே வேலை'ன்னு பேச்சு வந்தா அது வேற சங்கதி. பாங்காக்ல டேட்டா என்ட்ரி, கைநிறையச் சம்பளம்னு கூப்பிட்டு, ஏர்போர்ட்லேர்ந்து காருல ஏத்தி, எல்லை தாண்டி மியான்மர்ல மியாவடிப் பக்கம் கொண்டுபோய் அடைச்சு, ஆன்லைன் மோசடி வேலை செய்ய வச்ச கூட்டம் இருக்கு. 2022-ல அங்க மாட்டின தமிழ்ப் பசங்களை மீட்டுக் கொண்டுவந்தாங்க. ஆளை இழுத்த தூண்டில் என்னன்னு நினைக்கிறீங்க? நல்ல ஆபீஸ், நல்ல ரூமுன்னு போனுக்கு வந்த படங்கள்தான். ஜே போட்ட மின்னஞ்சலை நம்பிப் போனவங்களுக்குக் கூடாரமாவது கிடைச்சுச்சு.

வேலைக்குன்னா ஏஜென்ட் பேரு மத்திய அரசோட இ-மைக்ரேட் தளத்துல பதிவாகியிருக்கான்னு பாருங்க. இல்லைன்னா பேச்சையே முடிச்சுக்கங்க. பத்தாவது முடிக்காதவன் பாஸ்போர்ட்டுல இசிஆர்னு, அதாவது குடிபெயர்வு அனுமதி தேவைன்னு, இருக்கும். அவன் வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டிய 18 நாட்டுல வளைகுடா மட்டும் இல்ல, தாய்லாந்தும் மலேசியாவும் இருக்கு. டூரிஸ்ட் விசாவுல போய் வேலை பார்த்துக்கலாம்னு எவன் சொன்னாலும், அவன் தம்பியை மொதல்ல அனுப்பச் சொல்லுங்க.

அப்புறம் அந்த ஸ்விம்மிங் பூல் பையன். ராத்திரி பத்து மணிக்கு, சொல்லாம கொள்ளாம ஒரு வீடியோ கால் போடச் சொல்லுங்க உங்க தம்பியை.

பாஸ்போர்ட் இல்லாம அடிக்கடி ஃபாரின் போறவங்க நாங்கதான். எங்களை வச்சு எவனும் காமெடிப் படம் எடுக்க மாட்டானா?
— விசைப்படகுத் தொழிலாளி, பாம்பன்

நீங்க சிரிச்சுக்கிட்டு எழுதியிருக்கீங்க அண்ணே. படகு பிடிபட்டு, ஆளு ஜெயில்ல இருந்து, வீட்டுல அடுப்பு எரியாத கதையை நானா காமெடின்னு ஆரம்பிக்க மாட்டேன். நீங்க ஆரம்பிச்சா பக்கத்துல உக்காந்து கேப்பேன்.

ஒரு கதை மட்டும் எனக்குள்ள ஓடுது. கச்சத்தீவு 1974 ஒப்பந்தத்துல இலங்கைக்குப் போன பிறகும், அந்தோணியார் கோயில் திருவிழாவுக்கு நம்ம ஆளுங்க பாஸ்போர்ட், விசா இல்லாமப் போகலாம். யாழ்ப்பாணத்துப் பக்கத்து ஜனங்களும் வர்றாங்க. நாலு சேக்காளிங்க ராமேஸ்வரத்துலேர்ந்து படகு ஏறுறாங்க. அதுல ஒருத்தன் இலங்கைப் பக்கத்து நெடுந்தீவுல எனக்கு எல்லாம் தெரிஞ்ச ஆளு, இறங்கினா ராஜ மரியாதைன்னு வருஷக்கணக்கா அளந்தவன். கச்சத்தீவுல குடியிருப்பு கிடையாது, குடிதண்ணி கிடையாது, ஒளிய இடமும் கிடையாது. அங்க அந்த நெடுந்தீவு ஆளு நேர்ல வந்து, 'தம்பி, நீங்க ஆரு?'ன்னு கேக்கணும். ரெண்டு நாள்ல முடிஞ்சு போற கதை, செட்டு எதுவும் வேணாம்.

ஊர் சுத்துற படம்னா ஆம்பளைப் பசங்கதானா? நீங்க புகழுற படத்துல பொண்ணுங்களை எப்படிக் காட்டியிருக்காங்கன்னு கவனிச்சீங்களா?
— மாணவி, ராமநாதபுரம்

கவனிச்சேன்மா. அதுதான் அந்தப் படத்தோட பெரிய ஓட்டை. லூசி ஒரு பிடுங்கல், வில் பின்னாலேயே சுத்துற கேட்டி ஒரு அலைக்கழிப்பு, அவ்வளவுதான் எழுதத் தெரிஞ்சிருக்கு. ஜேன் ஒருத்திதான் ஆளா நிக்கிறா: ஜே மறுபடி சேரலாம்னு வந்து நிக்கிறப்ப மாட்டேன்னுடுறா. படம் அதை அவனோட சோகமா மட்டும் பார்க்குது. அவ ஏன் அவ்வளவு தூரத்துல போய் வேலை பார்க்கிறா, அந்த ஊர்ல அவ வாழ்க்கை எப்படின்னு ஒரு காட்சி வச்சிருந்தா எனக்குப் போதும்.

நம்மகிட்டயே பாரு. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுத்திக் கண்ணாடி மாட்டி, விரல்ல துணி சுத்தி, மூச்சைப் பிடிச்சு முங்கிப் பாசி எடுக்கிற பெண்கள் இருக்காங்க. மாசத்துல 12 நாள்தான் எடுக்கிறதுன்னு அவங்களே கட்டுப்பாடு வச்சுக்கிட்டாங்க. அந்தச் சங்கத்துக்குத் தலைமை ஏத்த பாம்பன் சின்னப்பாலம் லட்சுமிக்கு, கலிஃபோர்னியாவுல இருக்கிற சீகாலஜி அமைப்பு 2015-ல விருது குடுத்துச்சு. இந்தப் பெண்கள் நாலு பேர் சேர்ந்து ஃபாரின் போற படம் வந்தா, படகுல அவங்க பேசிக்கிற பேச்சை மட்டும் அப்படியே எழுதினாலே இடைவேளை வரைக்கும் தாங்கும். எழுதுறது பெண்ணா இருக்கணும். அந்தப் பேச்சு எங்க காதுக்கு வராது.

எடுக்காமலே போன ஃபாரின் ரெண்டாம் பாகம் ஏதாவது?
— பனைக்குளம்

இருக்கே. எம்ஜிஆரோட 'உலகம் சுற்றும் வாலிபன்', 1973. ஒசாகாவுல 1970-ல நடந்த எக்ஸ்போவை உள்ளே புகுந்து எடுத்த படம். முடியிறப்ப அடுத்த படம்னு திரையில போட்டாங்க: 'கிழக்கு ஆப்பிரிக்காவில் ராஜு'. ராஜு கிளம்பவே இல்ல. அந்தத் தலைப்பை நினைச்சு எங்க செட்டு ஆளுங்க பண்ணிக்கிட்ட கற்பனைக்கு எந்தப் படமும் ஈடு குடுத்திருக்காது.

சேக்காளிக் கதைன்னா 1979-ல பாலசந்தரோட 'நினைத்தாலே இனிக்கும்'. பாட்டுக் குழு சிங்கப்பூர் போகுது. ரஜினி சிகரெட்டைத் தூக்கிப் போட்டு வாயில பிடிக்கிற பந்தயம், ஜெயிச்சா காரு, தோத்தா விரலு. பாங்காக்ல அந்த மச்சினன் விரலைத் தொலைக்கிறதுக்கு 32 வருஷம் முன்னாடியே நம்ம ஆளு விரலைப் பந்தயம் வச்சாச்சு, முழுசாவும் திரும்பி வந்தாச்சு.

'இன்பிட்வீனர்ஸ் 2' படத்துல பாலைவனத்துல தண்ணி இல்லாமச் சாகக் கிடக்கிறாங்களே, அது கொஞ்சம் ஓவரா இல்ல?
— சாயல்குடி

சாயல்குடிக்காரர் இதைக் கேக்கலாமா! அதிகாரியை மிரட்டணும்னா 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்'னு நம்ம மாவட்டத்தைத்தானே காட்டுவாங்க.

ஓவரே இல்ல. அவங்க போறது பேர்ட்ஸ்வில். குயின்ஸ்லாந்து மாநிலத்துல, சிம்ப்சன் பாலைவனத்து ஓரம், நூத்துச் சொச்சம் ஜனம் உள்ள ஊரு. பிரிஸ்பேன்லேர்ந்து 1,500 கிலோமீட்டருக்கு மேல. அந்த ரோட்டுல வண்டி நின்னுச்சுன்னா எரிபொருளும் தண்ணியும் கூடுதலா வச்சிருக்கணும், வண்டியை விட்டு நடந்து போகக் கூடாதுன்னு அங்க எல்லாருக்கும் தெரியும். இந்த நாலு பேருக்கும் தெரியாது. எனக்குப் பிடிச்சது அந்த இடம்தான்: பொய் சொல்ல இனி யாரும் பாக்கி இல்லாதப்பதான் நாலு பேரும் முதல் தடவையா ஒழுங்கா பேசிக்கிறாங்க. பிழைச்சு வந்த உடனே படம் அவங்களைத் திருப்பி அடிக்குது. பள்ளிக்கூடத்துல அவங்க நடுங்கின கில்பர்ட் வாத்தியாரு, வில்லோட அம்மாவைக் கட்டிக்கப் போற மாப்பிள்ளையா வந்து நிக்கிறாரு. நான் நாற்காலியிலேர்ந்து விழுந்த இடம் அது.

இவ்வளவு பேசுறீங்களே மாமா, நீங்க எந்தெந்த நாட்டுக்குப் போயிருக்கீங்க?
— சித்தார்கோட்டை

பாஸ்போர்ட் இருக்கு. கெடு முடிய முடியப் புதுப்பிக்கிறேன். புது போட்டோவுல வயசு மட்டும் ஏறுது, மத்த பக்கமெல்லாம் வெள்ளையாவே கெடக்கு. துபாய்ல இருக்கிற மச்சினன் 'வாங்க மச்சான், பெரிய வீடு, ஒரு மாசம் தங்கலாம்'னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கான். சரிடா, வீடியோ கால் போட்டு வீட்டைச் சுத்திக் காட்டுன்னா மட்டும் அவனுக்கு சிக்னல் போயிடுது.